பட்டியலில் ஒரு பெயர்

நுழையும்முன்

வாக்குச்சாவடியில் செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் நிற்பர். இருவர் வாக்கிற்கும் மதிப்பு ஒன்றே. எனினும் அவ்வரிசையில் இடம்பெற வாக்காளர் பட்டியலில் பெயர் இருத்தல் வேண்டும். அப்பெயரின் வரலாற்றையும் அதனைக் காக்கும் பொறுப்பையும் இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

முதல் பொதுத்தேர்தல்

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு மக்களுள் ஒரு பகுதியினருக்கே வாக்குரிமை வழங்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியா அவ்வளவுகோலை விலக்கியது. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அன்று அதற்குரிய வயது 21.

உரிமையைச் சட்டத்தில் எழுதியபின், அதற்குரியவர்களின் பெயர்களை வீடுவீடாகச் சென்று எழுத வேண்டியிருந்தது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பொறுப்பில் அப்பணி நடைபெற்றது. பட்டியலில் இடம்பெற்றோர் ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் பேர். 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை மக்களவையின் 489 இடங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. அக்காலத்தில் எழுத்தறிந்தோர் ஐந்தில் ஒரு பங்கினரும் இல்லை. எனவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து, அதன்மீது சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தாம் விரும்பிய பெட்டியில் வாக்குச்சீட்டை இட்டால் போதும். எழுத்தறியாமை வாக்களிக்கத் தடையாகவில்லை.

பெயர் சொல்லாப் பெண்கள்

எழுத்தறியாமைக்குத் தீர்வு கண்டவர்கள் வேறொரு தடையை எதிர்கொண்டனர். வட மாநிலங்கள் சிலவற்றில், அயலாரிடம் தம் பெயரைக் கூறப் பெண்கள் தயங்கினர். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. பெயரைத் தெரிவிக்கக் கால நீட்டிப்பு அளித்தும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் வாக்களிக்கும் வாய்ப்பை இழந்தனர்.

இந்நடவடிக்கை கடுமையானது, ஆயினும் அதன் அடிப்படை தெளிவானது. வாக்குரிமை குடும்பத்திற்கு உரியதன்று, தனிமனிதருக்கு உரியது. மனைவி, தாய் என்பன உறவுகள். குடிமகள் என்னும் நிலைக்கு அவளுடைய சொந்தப் பெயரே சான்று.

தெரியுமா?

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையோரே அதில் இடம்பெற இயலும்.

இடம் மாறுவோரும் வாக்குரிமையும்

இன்று பெயர் விடுபடுதற்கு இடப்பெயர்ச்சியும் ஒரு காரணமாகிறது. சென்னையின் மேற்குப் புறநகர் இதற்குத் தக்க சான்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் ஆவடியின் தொழிற்சாலைகளையும் நாடி வந்தோர் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். வாடகை உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, பணிமாற்றம் எனப் பல காரணங்களால் அவர்கள் வீடு மாறுகின்றனர்.

அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில், அண்ணனூர் ஆகியவற்றைக் கடந்தால் அடுத்த தொடர்வண்டி நிலையம் ஆவடி. தொலைவு சிறிது, ஆனால் தொகுதி வேறு. அம்பத்தூர், திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் அடங்கும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் அடங்கும். அம்பத்தூரில் பதிவு செய்தவர் ஆவடியில் குடியேறிய பின், படிவம் 8 அளித்துத் தம் பதிவை மாற்றிக்கொள்ளல் வேண்டும். ஒருவர் பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கலாம் என்பது சட்டம்.

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பதாலேயே வாக்களித்துவிட இயலாது. அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டையைக் கொண்டுவராதவர், ஆணையம் ஏற்கும் வேறோர் ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். வேட்புமனு அளிக்கும் கடைசி நாளுக்குப் பின்னர் அத்தேர்தலுக்கெனப் பெயர் சேர்க்க இயலாது. ஆகவே வாக்குப்பதிவு நாளில் பட்டியலைத் தேடுவது காலங்கடந்த செயலாகும்.

பதினெட்டின் வாயிலில்

61ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்வழி 1989இல் வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாளில் 18 வயது நிறைந்தோர் பட்டியலில் சேரலாம். 17 வயது நிறைந்தோர் படிவம் 6 வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் பயில்வோருள் பலர் அவ்வயதை எட்டியவர்கள் அல்லது எட்டவிருப்பவர்கள்.

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாட்டின் வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடிப் பேர். அத்தனை பெயர்களுக்கிடையே ஒரு பெயர் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு உரியவருக்கு, ஆட்சியில் தமக்குள்ள பங்கினைக் காட்டும் சான்று அதுவே. பெயர் சொல்ல இயலாமல் வாக்கிழந்த பெண்களின் வரலாற்றை அறிந்தோர், தம் பெயரை உரிய காலத்தில் பதிவு செய்யத் தவறார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள வாக்காளர்களின் பெயர்களும் முகவரியும் பட்டியலில் சரியாக உள்ளனவா எனப் பெற்றோருடன் சரிபார்க்க.
2. குடவோலை முறையையும் இன்றைய தேர்தல் முறையையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
3. 'சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஆணையம் நீக்கியது சரியே' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.