மரநாய் போட்ட விதை

கர்நாடக மாநிலத்தில் குடகு மலை இருக்கிறது. எங்கு பார்த்தாலும் காப்பித் தோட்டங்கள். காப்பிச் செடிக்கு வெயில் அதிகம் ஆகாது. அதனால் தோட்டம் முழுவதும் உயரமான நிழல் மரங்கள் நிற்கும்.

அங்கே ஒரு தோட்டத்தில் கணவனும் மனைவியும் கூலி வேலை செய்தார்கள். அவர்களுடையது ஓட்டு வீடு. நாலு நாளாக இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. பொழுது சாய்ந்ததும் பரணில் தடதடவென்று சத்தம் கேட்கும். விடியும் முன்னே மறுபடியும் கேட்கும். அன்று காலையில் கோழிக்குஞ்சு இரண்டைக் காணோம்.

"இது மரநாய் வேலைதான். ராத்திரி கம்பிக் கண்ணி வைக்கிறேன்" என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க. அப்பாவைக் கேட்டுட்டு வைக்கலாம்" என்றாள் மனைவி.

அவளுடைய அப்பா அதே தோட்டத்தில் 40 வருடம் வேலை பார்த்தவர். அவர் கண்ணிக் கம்பியைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. "வாங்க மாப்பிள்ளை, ஒண்ணு காட்டுறேன்" என்று தோட்டத்துக்குள் கூட்டிப் போனார்.

ஒரு பாறை மேல் எச்சம் கிடந்தது. அதில் காப்பிக் கொட்டைகள் முழுசு முழுசாக இருந்தன. பொடிப் பொடியாக அத்தி விதைகளும் இருந்தன.

"இது மரநாய் போட்டது. அது பழுத்த பழமாகப் பார்த்துத் தின்னும். சதை செரிக்கும். விதை அப்படியே வெளியே வந்துடும்" என்றார் பெரியவர்.

பிறகு மருமகனைப் பார்த்துக் கேட்டார்: "சில்வர் ஓக் மரத்தை நாம நட்டோம். இந்த அத்தியை யார் நட்டது?"

மருமகனுக்குப் பதில் தெரியவில்லை.

மரநாய் என்று பெயர். ஆனால் அது நாய் இல்லை. பூனையும் இல்லை. அது தனி இனம். எடை 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். வால் கிட்டத்தட்ட உடம்பின் நீளம் இருக்கும். முதுகில் கறுப்புக் கோடுகள் ஓடும். பகலில் மரப் பொந்திலோ வீட்டுப் பரணிலோ தூங்கும். இரவில்தான் இரை தேடும். பனையிலும் தென்னையிலும் ஏறிக் கள்ளையும் குடித்துவிடும்! அதனால் வெள்ளைக்காரர்கள் அதற்குக் 'கள்ளுப் பூனை' என்றே பெயர் வைத்தார்கள்.

புலி, சிறுத்தை, கீரி எல்லாம் ஊன் தின்னும் கூட்டம். மரநாயும் அந்தக் கூட்டம்தான். எலி, பூச்சி, நத்தை எல்லாம் பிடிக்கும். கோழிக்குஞ்சு கிடைத்தாலும் விடாது. அந்தக் குற்றம் உண்மைதான். ஆனாலும் அது அதிகம் தின்பது பழம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பழுப்பு மரநாய் என்று இன்னொரு வகையும் உண்டு. உலகில் வேறு எங்கும் அது கிடையாது. அது 50 வகைக்கு மேல் பழங்களைத் தின்கிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சில காட்டு மரங்களின் விதை பெரியது. சின்னப் பறவையால் அதை விழுங்க முடியாது. மரநாய் விழுங்கும்.

விதை தாய் மரத்தின் அடியிலேயே விழுந்தால் என்ன ஆகும்? எலி தின்னும். பூச்சி அரிக்கும். முளைத்தாலும் வெளிச்சம் போதாது. தள்ளிப் போய் விழும் விதைக்குப் பிழைக்க வழி அதிகம். விதைக்குக் கால் இல்லை. மரநாய்க்கு நாலு கால் இருக்கிறது. பறவையும் வௌவாலும்கூட இந்த வேலையைச் செய்கின்றன.

மரநாய் எச்சத்தில் கிடைக்கும் காப்பிக் கொட்டையைக் கழுவி வறுத்து வெளிநாட்டில் கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். அந்த ஆசையில் இந்தோனேசியாவில் மரநாயைக் கூண்டில் அடைத்துக் காப்பிப் பழமே போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. கூண்டில் கிடக்கும் மரநாய் எந்தக் காட்டிலும் விதை போடாது.

"கண்ணியில் மரநாய்தான் விழும்னு என்ன நிச்சயம்? நம்ம வீட்டு நாய் விழும். சிறுத்தைகூட மாட்டிச் செத்திருக்கு" என்றார் பெரியவர். அதோடு சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

"அப்போ குஞ்சுக்கு என்ன பண்றது மாமா?"

"கூண்டைப் பொழுது சாயும் முன்னே மூடுங்க. கதவுக்குத் தகரம் அடிங்க. ஓட்டு இடுக்கை அடைக்கலாம். ஆனா அது வெளியே போன பிறகு அடைக்கணும். உள்ளே குட்டி இருக்கான்னு பார்த்துட்டு அடைக்கணும்."

அன்று மாலை இருவரும் வாசலில் காத்திருந்தார்கள். இருட்டியதும் மரநாய் ஓட்டு இடுக்கு வழியாக வெளியே வந்தது. பலா மரத்துக்குத் தாவியது. கணவர் டார்ச் விளக்கோடு பரணில் ஏறினார். மூலையில் இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவர் சத்தம் போடாமல் இறங்கிவிட்டார்.

"அடைச்சாச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"குட்டி இருக்கு. பெரிசாகிப் போகட்டும்."

மறுநாள் கோழிக்கூண்டுக் கதவுக்குத் தகரம் அடித்தார். ஆணி போதவில்லை. கண்ணிக்கு வைத்திருந்த கம்பியால் தகரத்தை இறுக்கிக் கட்டினார். பரணில் சத்தம் மட்டும் இன்னும் இரண்டு மாதம் கேட்டது.