முதலில் குளியலறைக்குப் போங்கள்

குழந்தை தவழப்போகிறது என்றதும் பல வீடுகளில் முதலில் வாங்குவது மேசை முனையில் ஒட்டும் ரப்பரும் பிளக் ஓட்டையை அடைக்கும் மூடியும்தான். வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் மேசை முனையில் இடித்துக்கொண்டால் நெற்றி புடைக்கும், இரண்டு நாளில் வடிந்துவிடும். குளியலறையில் பாதி நிறைந்து நிற்கும் பக்கெட்டில் விழுந்தால் அப்படி விட்டுவிடாது. ஆகவே உயிருக்கே ஆபத்தானவற்றில் தொடங்கி வாருங்கள். காயத்தோடு போகிறவை பிறகு.

குழந்தை குப்புறக் கவிழத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் 7 முதல் 10 மாதத்துக்குள் தவழும். ஆனால் நேற்று வரை எட்டாத பொருள் இன்று எட்டிவிடும் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. "நாங்கதான் பாத்துக்கிட்டே இருக்கோமே" என்பார்கள் வீட்டில். பார்ப்பவருக்கும் பால் பொங்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். அவர் முதுகைத் திருப்பும் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கும்படி வீடு இருக்க வேண்டும்.

தண்ணீர்

சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். பக்கெட்டைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது தலை முன்னால் சாய்ந்தால் தூக்கி எழத் தெரியாது. மூக்கும் வாயும் முழுகும் அளவு தண்ணீர், சில சென்டிமீட்டர் இருந்தாலே போதும். சத்தமே கேட்காது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கூடத் தெரியாமல் நடந்து முடிந்துவிடும்.

தண்ணீரே பிடித்து வைக்காதீர்கள் என்று நம் ஊரில் சொல்ல முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய் வரும் தெருவில் அது நடக்கிற காரியமில்லை. எதில் பிடித்து வைக்கிறோம் என்பதை மாற்றலாம். வாய் குறுகிய குடம் பரவாயில்லை. அகன்ற அண்டா, பக்கெட், டிரம் மூன்றும்தான் ஆபத்து. டிரம்முக்குத் திருகி மூடும் மூடி வேண்டும். மேலே வைத்த தட்டு குழந்தை சாய்ந்தால் சரிந்துவிடும். குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர் கை எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். உள்தாழ்ப்பாள் தாழ்வாக இருந்தால் கழற்றி மேலே ஏற்றுங்கள். குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வதும் நடக்கும்.

பிறகு வாசலுக்கு வாருங்கள். சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி இரண்டையும், மேலே ஏறாமல், அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ விரிசல் விட்டிருந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். சம்ப் மூடிக்குப் பூட்டும் அவசியம்.

சூடு

தீக்காயம் என்றதும் அடுப்புத் தீதான் நினைவுக்கு வருகிறது. சிறு குழந்தைகளை அதிகம் சுடுவது கொதிக்கும் திரவம்: வடித்த கஞ்சி, ரசம், குளிக்க வைத்த வெந்நீர், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கையில் பிடித்த காபி. எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: சூடான எதுவும் தரையில் இறங்கக் கூடாது. கீழே உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் சாம்பார்ச் சட்டியை நடுவில் வைப்பது வழக்கம். குழந்தை ஓரளவு வளரும் வரை பாத்திரங்கள் மேடையிலேயே இருக்கட்டும், ஒருவர் எடுத்து வந்து பரிமாறட்டும்.

கஞ்சி வடிக்கும்போதும் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும்போதும் குழந்தை சமையலறைக்கு வெளியே இருக்க வேண்டும். நிலைவாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்புக் கதவு போட்டால் மற்ற பல கவலைகளும் தீரும். தச்சரிடம் சொன்னால் பழைய பலகையிலேயே செய்து தருவார். பால் சட்டியின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடுங்கள். அரிவாள்மனையை வேலை முடிந்த கையோடு மடக்கி மேலே வையுங்கள்.

பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர் வைப்பவர்களிடம் அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். மின்சாரம், கொதிநீர், திறந்த பக்கெட் மூன்றும் தரையில் ஒரே இடத்தில் இருக்கின்றன. முடியாதென்றால் கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போடுங்கள். கீசர் இருந்தால் 49 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்காதீர்கள்.

சுட்டுவிட்டால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடும்படி பிடியுங்கள். துணி, வளையல், அரைஞாணை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள். பேஸ்ட், மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள்.

விஷம்

பினாயிலையும் மண்ணெண்ணெயையும் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்றைக்கே நிற்க வேண்டும். குழந்தைக்கு அந்த பாட்டில் என்றால் இனிப்பு. ஆசிட், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து, கொசுவிரட்டித் திரவம் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். உயரமான அலமாரி மட்டும் போதாது, ஏனென்றால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வரக் குழந்தை சீக்கிரமே கற்றுவிடும்.

இந்த வரிசையில் நாம் சேர்க்க மறக்கும் பொருள் பூஜை அறையில் இருக்கிறது. கற்பூரம் சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். பார்க்க வெள்ளை மிட்டாய் போல இருக்கும் அதை விளக்குப் பக்கத்தில் திறந்த தட்டில் விடாதீர்கள். பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான்.

மாத்திரைகளில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் தரும் இரும்புச்சத்து மாத்திரை, சிறு குழந்தை நாலைந்து விழுங்கினாலே ஆபத்தாகலாம். தாத்தா பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் தலையணைக்கடியிலும் கைப்பையிலும் கிடக்கும். அந்தப் பையை மாட்ட உயரத்தில் ஓர் ஆணி அடித்துக் கொடுங்கள்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் வாந்தியில் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய் இன்னும் கெடுக்கும். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். 108-ஐயும் சேர்த்துப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

தொண்டை

மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் தரையில் கிடக்கக் கூடாது: காசு, புளியங்கொட்டை, பட்டன், அண்ணன் அக்காவின் பொம்மைத் துண்டுகள். வேர்க்கடலை, முழு திராட்சை, கடினமான முறுக்கு ஆகியவை நன்றாக மெல்லத் தெரியும் வரை வேண்டாம். முழுக் கடலையை 5 வயது வரை தள்ளிப்போடலாம்.

பட்டன் பேட்டரியைத் தனியாகக் கவனியுங்கள். ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் எடை பார்க்கும் கருவியிலும் இருக்கும் அந்த வட்டமான பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடாத பொருள் வீட்டில் வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

தொண்டையில் சிக்கி, குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தம் வராமல் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு. மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயது தாண்டியவர்களுக்கு முதுகில் 5 தட்டு, பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலாக 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. இதை யாராவது பயிற்சி பெற்றவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

மின்சாரமும் உயரமும்

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கசிவு வந்த கணத்தில் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஓட்டை மூடிகளை விட நான் நம்புவது இதைத்தான். செல்போன் சார்ஜர் வயரைத் தொங்கவிட்டுப் போகாதீர்கள், நுனி குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

பால்கனிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் வலை கட்டுங்கள். கட்டில், ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் ஜன்னலுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் அருகில் வேண்டாம். டிவியையும் புத்தக அலமாரியையும் சுவரோடு திருகி நிறுத்துங்கள். தூளி கட்டும் கொக்கியை அவ்வப்போது இழுத்துப் பாருங்கள். குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் தூளியைக் கழற்றிவிட வேண்டும். மூத்த பிள்ளைகள் அதில் ஊஞ்சலாடிக் கழுத்தில் சுற்றிக்கொண்ட துயரங்கள் உண்டு. சக்கர வாக்கர் வாங்கவே வேண்டாம். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

பைக்கை நிறுத்தும்போது சைலன்சர் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். காரைப் பின்னால் எடுக்கும் முன் குழந்தை யார் கையில் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கோ அம்மாச்சி வீட்டுக்கோ போனால் இதே வரிசையில் அங்கும் ஒரு சுற்று வாருங்கள்: கிணறு, தொட்டி, அடுப்பங்கரை, வயலுக்கு வாங்கிவைத்த மருந்து. "அத்தை, இந்த பூச்சிமருந்தை மட்டும் பரண்ல ஏத்திப் பூட்டிடலாமா?" என்று பெட்டியை இறக்கி வைத்த கையோடு கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.