திரையில் ஒரு குளம்: ஸ்கிராட்ச்சில் நீரலை செய்வோம்

மாணவர்களே, குளத்தில் கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக அலைகள் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கணினியில் அசைவூட்டமாகச் செய்து வரும்படி என் வகுப்பில் ஒருமுறை சொன்னேன். ஒரு மாணவர் மிக அழகாகச் செய்திருந்தார். வட்டங்கள் விரிந்தன, நீரில் மிதந்த இலை அவற்றோடு நகர்ந்து கரையில் ஒதுங்கியது. வகுப்பே கைதட்டியது. ஆனால், அதில் ஓர் இயற்பியல் தவறு இருந்தது. அது என்ன? நாமும் செய்து பார்த்தே கண்டுபிடிப்போம்.

இதற்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட இந்த மென்பொருள் இலவசமானது.

1. வட்டம் வரைதல்

புதிய உருவம் ஒன்றைத் திறந்து, உள்ளே நிறமில்லாத நீள்வட்டம் ஒன்றை மெல்லிய நீலக் கோட்டால் வரையுங்கள். அகலம் 100, உயரம் 40 இருக்கட்டும். கட்டம் போட்ட பின்புலத்தை வைத்தால் அளவைச் சரிபார்க்கலாம். கரையில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதனால்தான் இந்த வடிவம். நீள்வட்டத்தின் நடுப்புள்ளி, வரையும் பகுதியின் மையக் குறியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வட்டம் விரியும்போது ஒரு பக்கமாக ஒதுங்கும்.

2. கட்டளைகள்

பச்சைக் கொடியை அழுத்தியதும்: உருவத்தை மறை, x, y இரண்டையும் 0 ஆக்கு, பிறகு ‘ஒரு குளோன் உருவாக்கு, 0.4 விநாடி காத்திரு’ என்பதை 4 முறை செய்.

குளோன் தொடங்கியதும்: அளவை 20 ஆக்கு, காட்டு, பிறகு ‘அளவை 5 கூட்டு, கோஸ்ட் விளைவை 2.5 கூட்டு’ என்பதை 40 முறை செய். முடிவில் குளோனை அழி.

கடைசிக் கட்டளையை மறக்காதீர்கள். ஸ்கிராட்ச்சில் ஒரே நேரத்தில் 300 குளோன்கள்தாம் இருக்க முடியும். அழிக்காமல் விட்டால், மழைக் காட்சி செய்யும்போது சிறிது நேரத்தில் புது வட்டங்களே தோன்றாது.

3. இந்த எண்கள் ஏன்?

ஒவ்வொரு முறையும் அளவு சமமாகக் கூடுகிறது. ஒரே ஆழமுள்ள நீரில் ஓர் அலை சீரான வேகத்தில் செல்வதே காரணம். கோஸ்ட் விளைவு கூடக்கூட வட்டம் மங்குகிறது. அலை விரியும்போது அதன் ஆற்றல் மேலும் நீளமான வட்டத்தில் பரவுவதால் வீச்சு குறையும். அதையே மங்கலாகக் காட்டுகிறோம்.

இப்போது கணக்கு. ஸ்கிராட்ச் விநாடிக்கு ஏறக்குறைய 30 முறை திரையை மாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் வட்டத்தின் கிடைமட்ட ஆரம் 2.5 புள்ளி கூடும். ஆகவே,

வேகம் = 2.5 × 30 = விநாடிக்கு 75 புள்ளி
அதிர்வெண் = 1 ÷ 0.4 = 2.5 ஹெர்ட்ஸ்
அலைநீளம் = 75 ÷ 2.5 = 30 புள்ளி

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இரு வட்டங்களுக்கு இடையிலான கிடைமட்டத் தூரத்தை அளந்து பாருங்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் குளோன்கள் மறைந்துவிடும்.

உண்மையான குளத்தில் ஒரே கல் பல அலைநீளங்களை உண்டாக்கும். அவற்றின் வேகமும் வேறுபடும். நாம் எளிமைக்காக ஓர் அலைநீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

4. இலை எங்கே போகும்?

இலை உருவம் ஒன்றை x = 60, y = 0 என்ற இடத்தில் வையுங்கள். முதல் வட்டத்தின் ஆரம் 10இல் தொடங்குகிறது. இலையைத் தொட இன்னும் 50 புள்ளி. 50 ÷ 75, அதாவது ஏறத்தாழ 0.7 விநாடி. எனவே, கொடியை அழுத்தியதும் இலை 0.7 விநாடி காத்திருக்கட்டும். பிறகு ‘y-ஐ 3 கூட்டு, 0.2 விநாடி காத்திரு, y-ஐ 3 குறை, 0.2 விநாடி காத்திரு’ என்பதை 4 முறை செய்யுங்கள்.

x-ஐ நாம் தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த மாணவரின் தவறு அங்கேதான். அலை ஆற்றலைக் கொண்டுசெல்கிறது, நீரைக் கொண்டுசெல்வதில்லை. வட்டம் கடந்து போகும். இலை ஏறி இறங்கி, ஏறக்குறைய தன் இடத்திலேயே இருக்கும். வீட்டில் வாளித் தண்ணீரில் ஒரு காகிதத் துண்டை மிதக்கவிட்டு இதைச் சோதிக்கலாம்.

செய்து பாருங்கள்

ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் குறையும், அதிர்வெண் மாறாது. ‘அளவை 5 கூட்டு’ என்பதை 3 ஆக்குங்கள். அலைநீளம் என்னவாகும்? இலை எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும்? முதலில் தாளில் கணக்கிடுங்கள். பிறகு கொடியை அழுத்துங்கள்.