உயிருள்ள மூளையில் சினாப்ஸ்களைக் கணக்கிடுதல்



எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சாலை வழியாகப் பெங்களூரு நகருக்குள் செல்வோர் கடந்துபோகும் நிமான்ஸ் மருத்துவமனையில், 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி ஒன்று இயங்கி வருகிறது; இறந்தோரின் குடும்பத்தார் மனமுவந்து அளித்த மூளைகள் அங்கே ஆய்வுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தியைக் கடத்தும் நுண்ணிய சந்திப்பே சினாப்ஸ் எனப்படும் நரம்பிணைப்பு. மனித மூளையில் அத்தகைய இணைப்புகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதை அறிய, இவ்வாறு கொடையாகக் கிடைத்த திசுவையோ அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட திசுவையோ நுண்ணோக்கியில் ஆராய்வதே நெடுங்காலம் வழியாக இருந்தது. பக்கவாதத்தில் உயிர் தப்பி, மீண்டும் நடை பயிலும் ஒருவருக்கு அந்த வழி உதவாது.

மூளையின் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காத நிலையில், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்களும் 1,400 கோடி சினாப்ஸ்களும் அழிகின்றன என்று 2006இல் மதிப்பிடப்பட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மாண்ட திசுவின் எல்லையைத் தெளிவாகக் காட்டும்; ஆனால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள சினாப்ஸை அதனால் பிரித்துக் காட்ட இயலாது.

இதற்கு வழி திறந்தது வலிப்பு மருந்து ஒன்று. லெவெடிராசெட்டம் என்னும் அம்மருந்து எஸ்.வி.2ஏ என்ற புரதத்தில் பற்றிக்கொள்கிறது என்பது 2004இல் கண்டறியப்பட்டது. இப்புரதம் சினாப்ஸில் செய்தி வேதிப்பொருளைச் சுமக்கும் நுண்பைகளின் சவ்வில் இருப்பதால், அதன் அளவு சினாப்ஸ்களின் அடர்த்திக்கு அடையாளமாகிறது. அதே புரதத்தைப் பற்றும் யுசிபி-ஜே என்ற சேர்மத்தில் கதிரியக்கக் கார்பன்-11 அணுவை இணைத்து, சிறு அளவில் இரத்தத்தில் செலுத்தினால், அந்த அணு சிதைந்து வெளியிடும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழிகையில் எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன. பெட் ஸ்கேன் கருவி அவற்றைப் பதிவுசெய்து, சேர்மம் எங்கே எவ்வளவு தங்கியுள்ளது என்று படமாக்குகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 2016இல் உயிருள்ள மனித மூளையில் இதைச் செய்து காட்டியது. பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் பின்னர் இம்முறையைப் பக்கவாத நோயாளிகளிடம் பயன்படுத்தினர்.

பாதிக்கப்பட்ட பகுதியில் சினாப்ஸ் குறைந்திருப்பதில் வியப்பில்லை. அதற்கு வெளியே, தொலைவில் உள்ள பகுதிகள் என்னவாகின்றன என்பதே உண்மையான கேள்வி. காயத்தோடு இணைப்புற்றிருந்த தூரப் பகுதிகளும் செயல் மங்கும் என்று 1914இலேயே நரம்பியல் மருத்துவர் ஃபான் மோனகோவ் எழுதினார். மீட்சியிலும் இதே புதிர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் உருவாக்கிய, நலமான கையின் பிம்பத்தைத் தளர்ந்த கையாகக் காட்டிப் பயிற்சி தரும் கண்ணாடிச் சிகிச்சை, 1999 முதல் பக்கவாத நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டது. கை அசைவு எவ்வளவு முன்னேறியது என்று அளக்க முடிந்ததே தவிர, எந்த இணைப்புகள் அதற்குத் துணைநின்றன என்று காண அப்போது கருவி இல்லை. ஒரே நோயாளியைச் சில மாத இடைவெளியில் மீண்டும் படமெடுத்து, அசைவின் அளவீட்டோடு ஒப்பிடுவதே இந்தப் பெட் ஸ்கேன் முறையின் பெரும்பயன். எனினும் படம் காட்டுவது ஒரு புரதத்தின் அளவை மட்டுமே. புதிதாக முளைத்த இணைப்பு பயனுள்ளதா, வீணானதா என்பதை அது சொல்லாது. இந்த எச்சரிக்கையை மறந்து படத்தின் வண்ணங்களை நம்புவது பிழையாகும்.

கார்பன்-11 சுமார் 20 நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடுவதால், அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் ஸ்கேன் கருவிக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். சுமார் 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃபுளோரின்-18 இணைத்த சேர்மங்களும் இப்போது உள்ளன; ஓசூர் சாலையின் நெரிசலைக் கணக்கில் கொண்டாலும், நகரின் ஓரிடத்தில் தயாரித்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல அவை இடம் தரும்.

எந்த ஸ்கேனும் இழந்த நிமிடங்களைத் திருப்பித் தராது. வீட்டில் ஒருவருக்குத் திடீரென முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.