ஹார்மோனுக்கென்று தனிச் சமையல் வேண்டாம்

ஹார்மோன் பவுடர், ஹார்மோன் லட்டு என்று கடைகளில் விதவிதமாக வந்துவிட்டன. மாதவிலக்கு ஒழுங்காக வருகிற, நோய்நொடி இல்லாத பெண்களுக்கு அவை தேவையில்லை. தினசரிச் சமையலிலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. (தைராய்டு, பி.சி.ஓ.எஸ். என்று சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.)

1. முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். மற்ற குறிப்புகளெல்லாம் இதற்கு அப்புறம்தான். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் துடிப்புகளுக்கு ஏற்பத்தான் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். ஹார்மோனைச் சுரக்கும், சினைப்பை முட்டையை வெளிவிடுவது அதனால்தான். சாப்பாடு குறைந்தால் முதலில் தளர்வது அந்தத் துடிப்பு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. பஞ்சம்தான் வர வேண்டும் என்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆன் லவுக்ஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளம் பெண்களுக்கு ஐந்தே நாள் உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சியது, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும் எல்.ஹெச். துடிப்பு தடுமாறத் தொடங்கியது.

2. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையில் கொழுப்பு 12 கிலோ என்று வைத்துக்கொண்டால் மீதி 38. அதை 30-ஆல் பெருக்கினால் 1,140 கலோரி. நடைப்பயிற்சியில் 200 செலவானால் அதையும் சேர்த்து 1,340. இது விளிம்பு, இங்கேயே நின்றுவிடக் கூடாது. கிலோவுக்கு 45 என்று கணக்கிட்டு, நடைக்கான 200-ஐயும் சேர்த்தால் 1,910 வரும், அதுதான் நிம்மதியான அளவு. கல்யாணத்துக்கு முன் எடை குறைக்கிறேன் என்று காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், ராத்திரி வெறும் சூப் என்று இருக்கிற பெண்கள் விளிம்புக்குக் கீழேதான் இருப்பார்கள். எடை குறைக்கத்தான் வேண்டும் என்றால் மாதக்கணக்கில் மெதுவாகக் குறையுங்கள்.

3. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சமைத்து இறக்கியதும் உங்கள் பங்குக் குழம்பையும் பொரியலையும் ஒரு டப்பாவில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதில் ஹார்மோன் ஒன்றும் கிடையாது; மாவுச்சத்து, புரதம், எண்ணெய் மூன்றும் ஒரே உருண்டையில் கிடைக்கின்றன, அவ்வளவுதான். தோலுள்ள கறுப்பு உளுந்து ஒரு டம்ளரை வாசம் வரும்வரை வறுத்து, ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்த்து நைசாக அரைத்துச் சலியுங்கள். கருப்பட்டியை இரண்டரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிடுங்கள். ஆறிய பிறகு மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினால் கட்டி தட்டாது. நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி, தண்ணீர் தொட்ட விரலில் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள்.

5. நார்ச்சத்தை அளவோடு சேருங்கள். வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கல்லீரல் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும். அதில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்துக்குத் திரும்பிவிடும். நார்ச்சத்து அதிகமானால் திரும்புவது குறைந்து, மலத்தோடு வெளியேறுவது கூடும். கீரை, சுண்டல், கம்பு எல்லாம் நல்லவைதான். ஆனால் அமெரிக்காவின் பஃபலோ நகரில் 250-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நார்ச்சத்து மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு குறைவாகவும், முட்டை வெளியாகாத மாதங்கள் கூடுதலாகவும் இருந்தன. மூன்று வேளையும் வெறும் சாலட், ஓட்ஸ் என்று இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது இது.

6. மீல் மேக்கரைக் கண்டு பயம் வேண்டாம். அது சோயாவில் செய்தது; சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் மாதிரி லேசாக வேலை செய்யும் என்பது உண்மை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மாதச் சுழற்சி சராசரியாக ஒரு நாள் நீண்டது, ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான எஸ்ட்ராடையாலின் அளவு மாறவில்லை. வாரத்தில் ஒரு நாள் குருமாவில் போடுவதால் ஒன்றும் ஆகாது.

7. ஆளி விதையைப் பற்றி 1993-இல் 18 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. தினமும் 10 கிராம் பொடி சாப்பிட்டபோது சுழற்சியின் பின்பாதி சுமார் ஒரு நாள் நீண்டது. சின்ன ஆய்வு அது. அதை வைத்துக்கொண்டு, முதல் பாதியில் இந்த விதை, பின்பாதியில் அந்த விதை என்று அட்டவணை போட்டு விற்பதெல்லாம் வியாபாரம். பிடித்திருந்தால் இட்லிப் பொடியில் வறுத்துச் சேருங்கள்.

8. உப்பு டப்பாவைப் பாருங்கள். அயோடின் போதாமல் தைராய்டு மந்தமானால் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடி, முட்டை வெளியாவதே தடைபடலாம். இயற்கை என்ற பெயரில் இந்துப்புக்கும் சாதாரணக் கல் உப்புக்கும் மாறிய வீடுகளில் அயோடின் கிடைப்பது அரிது. பாக்கெட்டில் அயோடின் உப்பைக் குறிக்கும் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுப்புப் பக்கம் திறந்து வைக்காமல் மூடி வையுங்கள். குழம்பை இறக்கும் நேரத்தில் போட்டால் அயோடின் வீணாவது குறையும்.

9. நெய்யை நிறுத்தினால் ஹார்மோன் சுரப்பு நின்றுவிடும் என்பது மிகை. ஈஸ்ட்ரோஜன் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாவது மெய்தான். அந்தக் கொலஸ்ட்ராலைக் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். அதற்காக எண்ணெயே இல்லாத சமையலும் வேண்டாம், கலோரி சரிந்துவிடும்.

10. காபி இரண்டு டம்ளரோடு நிற்கட்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மது ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும்.

11. வீட்டு விசேஷத்துக்காக மாதவிலக்குத் தேதியை முன்னே கொண்டுவர பப்பாளியும் எள்ளுருண்டையுமாகச் சாப்பிடுவது பலனில்லாத வேலை. இரண்டும் நல்ல பண்டங்கள், சாதாரண நாளில் சாப்பிடுங்கள்.

12. மாதவிலக்குத் தேதியைக் காலண்டரில் குறித்து வாருங்கள். கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வராமல் போனால் மருத்துவரிடம் போங்கள். டயட், விரதம், ஜிம் எதுவாக இருந்தாலும், எப்போது தொடங்கினீர்கள் என்பதோடு அவரிடம் சொல்லிவிடுங்கள். பல பேர் இதைச் சொல்லாமல் விட்டு, ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் செலவழிக்கிறார்கள்.