பத்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு மேற்படிப்பா? அக்கா சொல்வதைக் கேள்

மேற்படிப்பு பற்றிக் கேட்க வருகிற பிசியோக்களும் நர்ஸ்களும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எதுக்கு ஸ்கோப் இருக்கு?" கல்லூரி முடித்த கையோடு ஒரு பிள்ளை இதைக் கேட்டால் சரி. சின்னமனூரிலும் கம்பத்திலும் வருஷக்கணக்காக நோயாளிகளைத் தொட்டுப் பார்த்த நீ கேட்கலாமா? உன் கிளினிக் ரிஜிஸ்டரை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டு, தங்கச்சி. எந்த நோயாளி உன்னை அடிக்கடி தோற்கடித்தாரோ, அந்த நோய்க்குத்தான் நீ படிக்கப் போக வேண்டும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் ரிஜிஸ்டர் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தென்னையிலிருந்து விழுந்தவர், போடிப் பக்கம் இலவ மரத்தில் காய் பறிக்க ஏறி விழுந்தவர், விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் மலைவளைவில் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். பக்கவாதம், சர்க்கரையில் கால் எடுத்தது, பிறந்ததும் அழாத குழந்தை. இவர்களுக்கு நடுவே தினமும் வரும் முதுகுவலி, முழங்கால்வலி. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்காரருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு பார்த்துக்கொள்கிறது. க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரைப் பிடித்து நிறுத்தி அனுப்புகிறார்கள். அப்படிப் பிழைத்தவர் உத்தமபாளையத்தில் ஒரு தகரக் கூரை வீட்டில் இன்னும் முப்பது நாற்பது வருஷம் வாழ வேண்டுமே, அதற்குத்தான் படித்த ஆள் போதவில்லை. படுக்கைப் புண் வராமல் எப்படித் திரும்பிப் படுப்பது, யூரின் டியூபை வீட்டில் யார் மாற்றுவது, சக்கர நாற்காலி போகாத வாசப்படியை என்ன செய்வது? இதெல்லாம் இளங்கலையில் ஓரிரு பக்கத்தில் முடிந்துபோன பாடம்.

இப்போது சட்ட விஷயம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கவனமாகக் கேள். பிசியோதெரபியில் எம்.பி.டி. என்பது இரண்டு வருஷம் முழுநேரம் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் படிப்பு. அஞ்சல் வழியில் நடத்தக் கூடாத படிப்புகள் என்று யு.ஜி.சி. வைத்திருக்கும் பட்டியலில் மருத்துவம், நர்சிங்கோடு பிசியோதெரபியும் இருக்கிறது. 2025-லிருந்து உளவியல், ஊட்டச்சத்து போன்ற படிப்புகளுக்கும் அஞ்சல் வழியை அடைத்துவிட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் மேடம், அட்டெண்டன்ஸ் நாங்க பார்த்துக்கிறோம்" என்று எவராவது போன் செய்தால் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டப்படி இனி உன் பட்டமும் பதிவும் சோதிக்கப்படும். ஓட்டைப் பட்டம் அங்கே மாட்டும்.

நர்ஸ் என்றால் வழி வேறு. எம்.எஸ்சி. நர்சிங் தவிர, எலும்பியல் மற்றும் மறுவாழ்வுச் செவிலியத்தில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டமே இருக்கிறது. நம் பக்கம் பலருக்கு அது தெரிவதில்லை. பேச்சுப் பயிற்சி, செயற்கைக் கால், சிறப்புக் கல்வி என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பா என்று பார்த்துவிட்டுச் சேர். குழந்தைகளிடம் மனம் போகிறவர்கள் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். ஆரம்பகால இடையீட்டில் முதுநிலை டிப்ளமோ அங்கே நடக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர் தம்பி யாராவது இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. மறுவாழ்வு மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருஷம், நீட் பி.ஜி. எழுத வேண்டும். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. எல்லாரும் ரேடியாலஜி பின்னால் ஓடும்போது இந்தப் பிரிவை ஒருமுறை யோசியுங்கள், தம்பி.

வேலை பார்த்த பிறகு படிக்கப் போகலாமா, வயசாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு நான் டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொல்வேன். கொச்சிக்காரப் பெண், வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே வேலை பார்த்தவர். 1954 ஜனவரியில் கார் விபத்து, தண்டுவடம் போனது. அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இந்த அளவு எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அறுவை சிகிச்சை கை வந்த பிறகு, அதோடு நிற்காமல், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்துக்கு மறுவாழ்வு மருத்துவம் படிக்கப் போனார். தன் உடம்பே பாடப்புத்தகமாக இருந்தும் முறையாகப் படிக்க வேண்டும் என்று நினைத்தார் பார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையைப் பொறுப்பேற்றார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் என்ன படிப்பது என்பதை முன்னால் இருந்த நோயாளிகளும் தன் நாற்காலியும்தான் முடிவு செய்தன.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலை செய். லீவு சொல்லிவிட்டு ஆயிக்குடிக்குப் போ. தென்காசி பக்கம், ராஜபாளையம் வழியாகப் போகலாம். அமர் சேவா சங்கம் அங்கேதான் இருக்கிறது. எஸ்.ராமகிருஷ்ணன் இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சொந்த ஊரில் இதை ஆரம்பித்தார். பிறகு தசைச் சிதைவு நோய் உள்ள எஸ்.சங்கர ராமன் சேர்ந்து வளர்த்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ. அங்கே கட்டடத்தை வேடிக்கை பார்க்காதே. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்களே, அந்தப் பெண் ஒரு தாய்க்குக் குழந்தையை எப்படி உட்கார வைக்கக் கற்றுக்கொடுக்கிறாள் என்று பார். ஒரு பிசியோ எந்த இடத்தில் தேவைப்படுகிறார், எந்த இடத்தில் தேவையே இல்லை என்பது அங்கே புரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகும் உனக்கு விளையாட்டுப் பிசியோதான் படிக்க வேண்டும் என்று தோன்றினால் படி, தப்பில்லை. ஆனால் நம் பள்ளத்தாக்குக்கு நரம்பியலும் குழந்தைகள் பிரிவும் சமூக மறுவாழ்வும் அதைவிட அவசரம் என்பது என் கட்சி.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏசி வகுப்பறையையும் காட்டுவார்கள். நீ ஒன்று கேள்: "பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் தண்டுவடக் காய நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்களா? பி.ஜி. மாணவிக்கு எத்தனை பேரைக் கொடுப்பீர்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடு. அடுத்து, ஒரிஜினல் சர்டிபிகேட். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2016-லேயே யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லிப் பார். குரல் மாறுகிறதா என்று கவனி. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் அனுபவச் சான்றிதழை, ராஜினாமாவைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வாங்கிவிடு. பின்னால் கேட்டால் "டாக்டர் ஊரில் இல்லை" என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். நானே பட்டிருக்கிறேன், எந்த இடம் என்று கேட்காதே.

தங்குவதா, போய் வருவதா? மதுரையில் இடம் கிடைத்தால் தேனிக்காரர்கள் சமாளிக்கலாம். 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் ரயில் திரும்ப வந்துவிட்டது. நேரம் உன் வகுப்போடு ஒத்துப்போகிறதா பார்த்துக்கொள். கம்பம், கூடலூர்க்காரர்கள் தினமும் மதுரை போய் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பஸ்ஸிலேயே உடம்பு போய்விடும், படிப்பு எங்கே ஏறும்? விடுதியில் தங்கி வாரக் கடைசியில் வீட்டுக்கு வா. பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்வார் என்றால் அம்மாவிடம் முதலில் கேள், வீட்டுக்காரரிடம் அடுத்து. பெரும்பாலானவர்கள் இந்த வரிசையை மாற்றிப்போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

வகுப்பில் உன்னைவிடச் சின்னவர்கள் இருப்பார்கள். சொல்லிக்கொடுப்பவரும் சின்னவராக இருக்கலாம். அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. உண்மையான கஷ்டம் உன் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் நோயாளி வந்து உட்கார்ந்ததும் "கரண்ட் வைக்கலையா?" என்பார். நாமும் ஐ.எஃப்.டி.யோ அல்ட்ராசவுண்டோ போட்டுப் படுக்க வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போவோம். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியிருக்கும். அங்கே போனதும் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பார்கள். கோபம் வரும். கோபப்படாமல் பதில் தேட இப்போதே பழகு. பிசியோதெரபி ஆய்வுகளுக்கென்றே பெட்ரோ என்ற இலவச இணையத் தொகுப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து 1999 முதல் நடக்கிறது. வாரம் ஒரு கட்டுரை, ராத்திரி சீரியல் நேரத்தில் படி. முதலில் தலையும் புரியாது வாலும் புரியாது. போகப் போகப் பழகிவிடும்.

அளந்து எழுதும் பழக்கத்தையும் இன்றே தொடங்கு. "நல்ல முன்னேற்றம்" என்று நோட்டில் எழுதுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கவாத நோயாளிக்கு பார்தல் இன்டெக்ஸ் போடு. குளிப்பது, சாப்பிடுவது, படியேறுவது என்று அன்றாட வேலைகளைப் பார்த்து நூறுக்கு மார்க் போடும் முறை அது, 1965-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் தூரத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து, நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று எழுது. நோயாளியின் பெயர் நோட்டில் வேண்டாம். அனுமதி வாங்காமல் போனில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடும் வேலையும் வேண்டாம்.

ஆய்வுத் தலைப்புக்கு ஊரையே பார். ஏலக்காய் பறிக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் காலையில் பத்து நிமிடம் உடற்பயிற்சி என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தால் யார் செய்வார்? விடியுமுன் ஜீப் ஏறுகிறவள், பொழுது சாயத் திரும்பி வந்து உலை வைக்கிறவள். தோட்டத்திலேயே, சாப்பாட்டு நேரத்தில், நின்றபடி செய்யக்கூடிய பயிற்சி எது என்று கண்டுபிடித்தால் அதுவே நல்ல ஆய்வு. நாட்டுக் கட்டு இறுக்கமாகப் போட்டு மடங்கிப்போன முழங்கைகள் நம் கிளினிக்குகளுக்கு வருகின்றனவே, அதுவும் ஒரு தலைப்பு. சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழு அனுமதியும் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு பின்தேதிப் பதிவு கிடையாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுபவமுள்ளவர்களுக்கென்றே இணையவழியில் மறுவாழ்வு அறிவியல் முதுகலை நடத்துகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அதில் ஒன்று. பாடம் தரமானது, கட்டணம் டாலரில். இங்கே அரசு வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டு.

முடித்துவிட்டு எங்கே வேலை என்று கேட்பாய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோவை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' மையங்கள் வந்திருக்கின்றன. குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது. சம்பளம் சென்னை அளவுக்கு இருக்காது, அதை மறைக்க மாட்டேன். கணக்குப் பார்த்துத்தான் திரும்பி வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருஷம் நீ இல்லாமல் போகப் போகிறாய். உன்னை நம்பி வாரா வாரம் வரும் பக்கவாதக்காரரையும் குழந்தையையும் அடுத்து யார் பார்ப்பார் என்று ஒரு பெயரும் போன் நம்பரும் எழுதி, வீட்டு ஆட்களை உட்கார வைத்துப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறு.