யூதப் பண்டிகையும் ஏற்றுமதித் தேதியும்

கேள்வி: ஆம்பூரில் தோல் காலணி ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டு யூத வாடிக்கையாளரின் பண்டிகை நாள்களை முன்கூட்டியே அறிவது எப்படி?

பதில்: ‘ஹெப்கால்’ இணையதளம் இலவசமாகவே உதவும். வாடிக்கையாளரின் ஊரைக் குறிப்பிட்டால் சப்பாத் (வாராந்திர ஓய்வு நாள்), பண்டிகை நேரங்களைக் காட்டும். கூகுள் காலண்டரிலும் சேர்க்கலாம். ஊர் முக்கியம்; ஏனெனில் யூதர்களின் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. 2026இல் அவர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12. ஆனால் 11ஆம் தேதி மாலையே வேலையை நிறுத்திவிடுவார்கள்.

அவர்களின் பண்டிகைத் தேதி பிறைக் கணக்குதான் என்றாலும், ரம்ஜானைப் போல ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகாது. 19 ஆண்டுகளில் 7 முறை கூடுதல் மாதம் சேர்ப்பதால் பண்டிகைகள் அதே பருவத்தில் நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் அவற்றில் பல அடுத்தடுத்து வருவதால், சாம்பிள் ஒப்புதலை ஆகஸ்டிலேயே வாங்கிவிடுங்கள். பண்டிகைக்கு முன்பே ஒரு வாழ்த்தும் அனுப்புங்கள். அடுத்தவர் வழிபாட்டு நேரத்தை மதிப்பவரிடம் வியாபாரம் நிலைக்கும்.